விட்டுப்போன நட்சத்திரம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் என் நண்பருக்கு அலுவலகம். அங்குள்ள பத்துக் கேமராக்களையும் வெளியிலிருந்து பார்க்க நான்தான் வழி செய்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, வானொலியில் பாடல் ஓடும் நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால், பத்துக் கட்டத்திலும் அதே படிக்கட்டு! ஒரு வாரமாகப் பின்கதவை யாருமே பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். கணினிக்குள் நுழைய 'போர்ட்' என்ற எண்ணிட்ட வாசல்கள் உண்டு, 65,535 வரை. காவலாளி, ஃபயர்வால். வெளியே 2000 முதல் 2009 வரை வருபவர்களை, உள்ளே 4000 முதல் 4009 வரை வரிசை மாறாமல் அனுப்ப வேண்டும். நான் பயன்படுத்திய 'பிஎஃப்' ஃபயர்வாலில் வெறும் '4000' என்று எழுதினால் பத்துப் பேரும் முதல் வாசலிலேயே போய் நிற்பார்கள். '4000:*' என்றால்தான் அவரவர் வாசல். நான் நட்சத்திரத்தை விட்டுவிட்டேன்.

லினக்ஸின் 'ஐபிடேபிள்ஸ்' இதையே '4000-4009/2000' என்று எழுதச் சொல்கிறது. 2018-இல் வெளிவந்த 4.18 பதிப்பிலிருந்து வந்த வசதி. கொஞ்சம் நீளம்தான், ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. விதி எழுதும் மொழி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சாலையின் பழைய பெயர் பிட் ஸ்திரீட். அப்படிச் சொன்னாலும் பினாங்கு டாக்சிக்காரர் சரியாகக் கொண்டுவந்து விடுவார். ஃபயர்வால் அப்படியல்ல நேயர்களே! நாம் நினைத்தது அதற்குத் தெரியாது, எழுதியதுதான் தெரியும்.