அயல்நாட்டு ஆசிரியப் பணி: யாரிடம் கேட்பது?

காஞ்சிபுரத்து மக்களை ஏமாற்றுவது எளிதன்று என்று சொல்வார்கள். பட்டைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மையே. காந்தி சாலைக் கடைகளில் வெளியூரார் ஏமாறலாம். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர் ஏமாறமாட்டார். இழையொன்றைப் பிரித்து எரித்து, மயிர் கருகும் வாடை வருகிறதா என்று பார்ப்பார். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா, செம்புக் கம்பி பல்லிளிக்கிறதா என்று நோக்குவார். இதற்கும் மேலே ஐயம் எழுந்தால், வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்ல அரசின் ஜரிகை நிறுவனமே அவ்வூரில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கிக் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு.

இத்தனை விழிப்புள்ள ஊரில், தறிக்குழியில் கால் வைக்காமல் கல்லூரிக்குப் போய் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டமும் பி.எட். பட்டமும் பெற்ற பிள்ளையிடம் ஒருவன் ஒரு தாளை நீட்டுகிறான். அயல்நாட்டுப் பள்ளியொன்றின் பெயரும் முத்திரையும் அத்தாளில் அழகாக அச்சிடப்பட்டுள்ளன. அதைச் சுரண்டிப் பார்ப்பவர் எவருமில்லை. தாயின் கழுத்து நகை அடகுக் கடைக்குப் போகிறது. தந்தை தறிமுதலாளியிடம் மேலும் முன்பணம் வாங்குகிறார். அந்த முன்பணம் அடையும் வரை அவர் வேறொரு தறிக்குப் போக இயலாது. மகன் விமானம் ஏறும்போது வீடு முழுவதும் பிணையில் நிற்கிறது.

இதற்கு நம்மிடையே பெரியவர்கள் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு: “படித்தவன்தானே, விசாரித்துப் போகக்கூடாதா?” கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இந்தச் சொல்லைத்தான் நாம் இங்கே மறுக்க முன்வந்திருக்கிறோம். விசாரிக்கட்டும், ஆனால் யாரிடம் விசாரிப்பது?

கல்லூரியில் கேட்பானாயின், அங்குள்ள பேராசிரியர் கடல் கடந்து கற்பித்தவரல்லர். வேலைவாய்ப்புப் பிரிவு என்ற பலகை தொங்கும் அறையில் மென்பொருள் நிறுவனங்களின் விவரங்கள் இருக்கும். ஆசிரியப் பணியைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் இராது. சபர் போய்த் திரும்பியவர்களிடம் கேட்பானாயின், அவர்களிற் பெரும்பாலோர் கடையிலும் கட்டடப் பணியிலும் உழைத்தவர்கள். பள்ளிக்கூட ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அறியார். அறியாததோடு நில்லாமல், தாம் பட்ட துன்பத்தை மறைத்துக் கொண்டுவந்த பொன்னை மட்டும் காட்டும் வழக்கமும் நம்மவரிடம் இருக்கிறது. நாளேட்டைப் புரட்டினால், வெளிநாட்டு வேலை மோசடி பற்றிய செய்தி ஒரு பக்கத்திலும், பதிவெண் இல்லாத ஏஜெண்டின் விளம்பரம் மறுபக்கத்திலும் இருக்கக் காண்கிறோம். விளம்பரக் கட்டணம் வாங்கிய கையே அறவுரையும் எழுதுகிறது! எஞ்சியிருப்பவன் ஏஜெண்டு ஒருவனே. அவனிடம் போய் அவனைப் பற்றியே ஆலோசனை கேட்கிறான் பிள்ளை. குற்றம் யாருடையது?

முன்னாளில் நிலைமை இவ்வாறில்லை. பேரரசர் ஹைலே செலாசி ஆண்ட காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். 1970களில் எண்ணெய் வளம் பெருகியபோது நைஜீரியாவும் நம் பட்டதாரிகளை அழைத்தது. அந்நாட்டு அரசுகள் தாமே ஆள் எடுத்தன. தேர்வுக் குழுவினர் இங்கு வந்து நேர்முகம் கண்டனர். இடையில் தரகுக்கு இடம் குறைவு. இன்றோ அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் மொழிப் பயிற்சி நிலையங்களே மிகுதியாக ஆள் தேடுகின்றன. அந்த நிலையம் மெய்யாகவே இருக்கிறதா என்பதைக் காஞ்சியிலிருந்து கண்டறிவது கடினம்.

இனி, ஏஜெண்டுகள் சொல்லாமல் மறைக்கும் செய்தி ஒன்றைப் பார்ப்போம். உலகில் ஆங்கில ஆசிரியர் தேவை என்று விளம்பரம் செய்யும் இடங்களிற் பல, ஆங்கிலம் கற்பிக்க வல்லவரைத் தேடவில்லை, ஆங்கிலேயரைத் தேடுகின்றன. தென்கொரியாவின் மொழி ஆசிரியர் விசா நெடுங்காலமாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியதாக வகுக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்பன அவை. இந்தியாவோடு அந்நாடு செய்துகொண்டு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தின் வழியே, ஆங்கிலத்தில் ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற இந்தியருக்கு ஒரு சிறு வாயில் திறந்தது. அவ்வளவே. பி.எட். இல்லாத பிள்ளையிடம் “கொரியாவில் வேலை தயார்” என்று ஒருவன் சொன்னால், அவன் எதை விற்கிறான் என்பது விளங்கவில்லையா?

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்னும் இந்தக் கொள்கை அறிவுக்குப் பொருந்தாதது. ராபர்ட் பிலிப்சன் என்னும் ஆங்கிலேய அறிஞரே 1992இல் வெளியிட்ட நூலில் இதனைப் பொய்க் கருத்து என்று சாடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தமிழரான சுரேஷ் கனகராஜா, போர்ச் சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த பட்டறிவிலிருந்து 1999இல் எழுதிய நூல் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. பின்னர் அவர் அத்துறையின் புகழ்பெற்ற ஆய்விதழுக்கே ஆசிரியராக விளங்கினார். காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, சிறிது காலம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த அறிஞர் அண்ணாவை 1968இல் யேல் பல்கலைக்கழகம் சப் பெல்லோஷிப் அளித்து வரவேற்றது. அவர் இன்று ஒரு பாங்காக் மொழி நிலையத்துக்கு விண்ணப்பம் அனுப்பினால், கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்!

ஆயினும் கொள்கை தவறு என்பதால் நடைமுறை மாறிவிடாது. நம் பிள்ளைக்கு முதலில் தேவை மெய்ந்நிலை. இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் வளைகுடாப் பள்ளிகள், மாலத்தீவின் பள்ளிகள், சவூதிப் பல்கலைக்கழகங்களின் ஆயத்த ஆண்டு ஆங்கில வகுப்புகள் ஆகியவற்றில் நம்மவர் மதிப்போடு பணியாற்றியிருக்கின்றனர். அங்கே கேட்பது பட்டமும், ஆசிரியப் பயிற்சியும், சில ஆண்டு அனுபவமும், முறையாகச் சான்றொப்பம் பெற்ற ஆவணங்களுமாகும். இவை இல்லாமல் வேலை உண்டு என்பவன் பொய்யன்.

சான்றிதழ் வணிகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெஃபல் என்பது ஒரு பட்டத்தின் பெயரன்று. வேற்றுமொழியாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலுக்கே அது பொதுப்பெயர். எவரும் அப்பெயரில் சான்றிதழ் அச்சிடலாம். கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்னும் பயிற்சிக்கு 120 மணி நேர வகுப்பு உண்டு. அத்துடன் மெய்யான மாணவர்முன் நின்று, தேர்வாளர் கண்காணிக்க, 6 மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். போலிகள் அந்த 120 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டன. ஒரு மாணவனின் முகத்தையும் பாராமல், வீட்டில் அமர்ந்தபடி கைப்பேசியில் விடைகளைத் தட்டினால் ‘120 மணி நேரப் பயிற்சி’ முடிந்துவிடுகிறது. ஜரிகைக்குப் பதில் செம்புக்கம்பி! ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்கும் இடம், ஆங்கிலம் கற்பிப்போரைப் பயிற்றுவதற்கென்றே எழுந்தது. அதன் பெயரையே கேள்விப்படாத பிள்ளைகள், எங்கோ பதிவாகிய இணைய நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் எழுத்தறிவு குறைந்த தொழிலாளரை மனத்திற்கொண்டு எழுந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும் என்பது அதன்கீழ் ஏற்பட்ட முறை. அந்த அனுமதிக்காக ஒப்பந்தம் பார்க்கப்படுகிறது, காப்பீடு கேட்கப்படுகிறது. பத்தாவது தேறியவர்க்கு இவை எதுவும் இல்லை. அதாவது, படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. நம் பெரியவர்களின் சொல்லும் சர்க்காரின் சட்டமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை 2022 காட்டிற்று. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பிப் போன பட்டதாரிகள் எல்லை கடந்து மியான்மரின் மியாவதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் பலர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் 13 தமிழர் மீண்டு சென்னை வந்தனர். அதன்பின்னும் ஓயவில்லை: 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியரை விமானப்படை விமானங்கள் ஏற்றி வரவேண்டியதாயிற்று. அக்கூடங்களின் முதலாளிகளுக்கு எழுத்தறியாதவர் தேவைப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கணினியும் ஆங்கிலமும் அறிந்தவரே தேவைப்பட்டனர். ஆங்கிலம் கற்றதே அப்பிள்ளைகளுக்குத் தூண்டிலாயிற்று.

தண்டனையையும் பாருங்கள். பதிவு பெறாமல் ஆள் சேர்ப்பவனுக்கு 1983 சட்டம் விதித்தது, இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். ஒரு நல்ல கோர்வைப் பட்டுச்சேலையின் முந்தானைக்கும் போதாத தொகை! 2021இல் புதிய மசோதா வரைவொன்று மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது சட்டமாகும் முன்னே ஆண்டுகள் ஓடின.

செய்ய மனமிருந்தால் வழியில்லாமற் போகவில்லை. செவிலியரும் படித்தவர்களே; அவர்களும் அனுமதி தேவைப்படாத வகையினராகவே இருந்தனர். அவர்களிடம் ஏஜெண்டுகள் இலட்சக்கணக்கில் பறித்தது வெளிப்பட்டவுடன், 2015 ஏப்ரல் இறுதி முதல் அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்க்கும் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஆள் சேர்ப்பு கேரளத்தின் நோர்க்கா, தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளின் கைக்கு மாற்றப்பட்டது. செவிலியர்க்குச் செய்தது ஆசிரியர்க்கு ஏன் ஆகாது? 1978இலேயே தோன்றிய நம் மாநில நிறுவனம், மாவட்டந்தோறும் ஆசிரியர் பணிக்கென ஒரு மேசையேனும் போடுவதற்கு என்ன தடை? இதைக் கேட்க நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு நேரம் வாய்க்காதது ஏனோ!

சர்க்காரைக் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. ஆலோசனை ஓர் அமானிதம். கேட்டவனுக்குத் தெரிந்ததைச் சொல்வதும், தெரியாதபோது தெரியாது என்பதும் அதற்குள் அடங்கும். ஜமாஅத்துகள் திருமணப் பதிவேடு வைத்திருக்கின்றன; அடக்கத்தலக் கணக்கு வைத்திருக்கின்றன. எந்த நாட்டில், எந்தப் பள்ளியில், என்ன சம்பளத்தில் நம்மூர் ஆசிரியர் பணிபுரிகிறார், ஒப்பந்தம் சொன்னபடி நடந்ததா என்ற ஒரு பதிவேட்டை எந்த ஜமாஅத்து வைத்திருக்கிறது? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கல்லூரிகளின் பழைய மாணவர் மன்றங்களும் இதே கேள்விக்கு விடை கூறட்டும். வெளிநாட்டில் பணிபுரிந்து விடுமுறைக்கு வரும் ஆசிரியை ஒருவரை அழைத்து ஒரு மாலைப் பொழுது பேசச் செய்தால், ஐம்பது விளம்பரங்கள் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். குறிப்பாகப் பெண்மக்கள், விடுதி எப்படி, விசா யார் பெயரில், நடுவில் விலக நேர்ந்தால் திரும்பும் செலவு யாருடையது என்பவற்றை ஆண்களிடம் கேட்கத் தயங்கி, கேளாமலே போகிறார்கள்.

அந்த ஏற்பாடுகள் வரும் வரையில், இப்போதே புறப்பட நிற்கும் பிள்ளைக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறோம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் காணும்படி இருக்கிறது. பெயரையும் பதிவெண்ணையும் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் தவிர வாங்கலாகாது என்பது விதி. வாங்கியதற்கு இரசீது தரவேண்டும். “சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று எவன் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் பிறர் கையில் விட்டு வரலாகாது. பள்ளியின் தொலைபேசி எண்ணை ஏஜெண்டிடம் வாங்காமல் தனியே தேடி எடுத்து, அங்கே ஏற்கெனவே கற்பிக்கும் ஓர் இந்திய ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேட்க வேண்டும். மெய்யான பள்ளி அதற்கு மறுக்காது.