ரேமுக்குள் ஒளிந்திருக்கும் நியான்

ரேம் விலை ஏறினால் நாம் கடைக்காரரைத்தான் திட்டுவோம். அதற்குப் பின்னால் ஒரு வாயுவும் ஒரு போரும் இருக்கக் கூடும் என்று நினைப்பதில்லை.

சிப் தயாரிக்கும்போது சிலிக்கான் தகட்டின் மேல் சர்க்யூட்டை லேசர் ஒளியால் பதிக்கிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் எக்ஸைமர் லேசரில் நிரப்பப்படும் வாயுக் கலவையில் 95 சதவீதத்துக்கு மேல் நியான்தான். ஆம், கடை போர்டுகளில் சிவப்பாக எரியுமே, அதே நியான்! இரும்பு ஆலைகளில் ஆக்ஸிஜனுக்காகக் காற்றைப் பிரிக்கும்போது உபரியாகக் கிடைப்பது இது. ரஷ்ய ஆலைகளில் சேகரித்து உக்ரைனில் சுத்திகரித்து வந்தார்கள். மரியுபோலில் ஒரு கம்பெனி, ஒடேசாவில் ஒரு கம்பெனி. சிப் தயாரிப்புக்கு வேண்டிய நியானில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான் உலகத்துக்குப் போனது.

2014-ல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதும் நியான் விலை பல மடங்கு எகிறியது. சிப் கம்பெனிகள் அப்போதுதான் விழித்துக் கொண்டன. லேசரில் நியான் செலவைக் குறைத்தார்கள். வேறு நாடுகளில் சப்ளையர்களைத் தேடினார்கள். கையிருப்பையும் கூட்டினார்கள். 2022 பிப்ரவரியில் முழுப் போர் மூண்டு அந்த இரண்டு கம்பெனிகளும் உற்பத்தியை நிறுத்தின. விலை மறுபடியும் பறந்தது. ஆனால் நியான் இல்லை என்று சிப் தொழில் முடங்கிவிடவில்லை.

தென் கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-ல் சிப் தயாரிப்புக்கான ரசாயனங்களின் ஏற்றுமதியில் ஜப்பான் கெடுபிடி செய்தபோதே அவர்களுக்குச் சூடு பட்டிருந்தது. போஸ்கோ இரும்பு ஆலையிலேயே நியான் எடுக்க ஆரம்பித்தார்கள். தன் தேவையில் 40 சதவீதம் உள்நாட்டு நியான் என்று எஸ்கே ஹைனிக்ஸ் 2022 அக்டோபரில் அறிவித்தது.

இரண்டு சப்ளையர் இருந்தால் போதும் என்று பல கம்பெனிகள் நிம்மதியாக இருக்கின்றன. அந்த இருவரும் ஒரே ஊரிலிருந்து வாங்கினால்? சப்ளையருக்கு யார் சப்ளையர் என்று கேட்டு எழுதி வைப்பதுதான் முதல் வேலை என்பேன். கையிருப்பு சில மாதங்களுக்குத்தான் தாங்கும். புது இடத்துச் சரக்கைச் சோதித்து ஏற்பதற்கோ அதைவிட அதிக நாளாகும். (சும்மா கிடக்கும் சரக்கு அக்கவுண்டன்டுக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.)

இப்போது காலியத்தைப் பாருங்கள். மொபைல் சார்ஜர் முதல் எல்.இ.டி. விளக்கு வரை பயன்படும் உலோகம். இதுவும் அலுமினா ஆலைகளில் கிடைக்கும் உபரிதான். உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சீனாவில். 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்குச் சீனா லைசென்ஸ் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பலர் வேறு ஆலைகளைத் தேடிக் கிளம்பினார்கள்.