கோழி வெட்டக் கை வேண்டும். வாக்குப் போட வேண்டாமா?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது. அதன் வடமேற்கு மூலையில், ஓசார்க் மலையடிவாரத்தில் ஸ்ப்ரிங்டேல் என்றொரு ஊர். அங்கிருந்து சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவில் கிடக்கின்றன மார்ஷல் தீவுகள். அந்தத் தீவுகளின் மக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்று ஸ்ப்ரிங்டேலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கிறார்கள். தீவுகளில் மீதமிருப்போர் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பில் 53,158, 2021இல் 42,418. அதாவது ஒரு நாட்டின் கணிசமான பகுதி, இன்னொரு நாட்டின் உள்நாட்டு ஊரொன்றில் குடியேறியிருக்கிறது. அந்த ஊரில் மார்ஷல் தீவுகளின் துணைத் தூதரகமே செயல்படுகிறது.

அவர்கள் ஏன் அந்த ஊருக்குப் போனார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. டைசன் ஃபுட்ஸ் என்ற இறைச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஸ்ப்ரிங்டேல். பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் படிக்க வந்த ஜான் மூடி என்ற மார்ஷல் தீவுக்காரர் 1980களின் தொடக்கத்தில் அங்கே ஆலை வேலையில் சேர்ந்தார். ஊரிலிருந்து உறவுகள் வந்தன. உறவுகளின் உறவுகளும் வந்தன. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும், பட்டம் இல்லாதவருக்கும் கோழி ஆலையில் வேலை உண்டு. அண்மை ஆண்டுகளில் மாநிலத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் பொக்கஹோன்டஸ் என்ற சிற்றூரிலும் மார்ஷல் குடும்பங்கள் குடியேறின. அங்கேயும் புதிதாக ஒரு கோழி ஆலை வந்திருந்தது. இவர்களின் குடியிருப்புகளை வரைபடத்தில் தேடுகிறவர், கோழி ஆலைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

இவர்கள் விசா இல்லாமல் வருகிறார்கள். 1986இல் நடைமுறைக்கு வந்த 'சுதந்திரக் கூட்டுறவு' ஒப்பந்தம், மார்ஷல் தீவுக் குடிமக்கள் அமெரிக்காவில் காலவரம்பின்றித் தங்கவும் வேலை செய்யவும் இடம் தருகிறது. அதை அமெரிக்காவின் தயாள குணம் என்று எண்ணுகிறவர்கள் அதற்கு முந்தைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெடாக் பவளத்தீவுகளிலும் அவற்றை ஒட்டியும் அமெரிக்கா 67 அணுவெடிப்புச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1ஆம் தேதி வெடித்த 'காசில் பிராவோ' ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை கொண்டது. அதன் கதிரியக்கச் சாம்பல் ரொங்கெலாப் தீவில் மனிதர்கள் மீதே விழுந்தது. குவாஜலின் தீவில் அமெரிக்காவின் ஏவுகணைச் சோதனைத் தளம் இன்றும் இயங்குகிறது. அந்தக் கடற்பரப்பில் பிற நாட்டுப் படைகளை அண்டவிடாமல் தடுக்கும் அதிகாரமும் அதே ஒப்பந்தத்தின் வழியே அமெரிக்காவிடம் இருக்கிறது. இத்தனையும் வாங்கிக்கொண்டதற்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதிதான் விசா இல்லாப் பயணம்.

அந்த விலையிலும் ஒரு குறை வைத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தின்படி வருகிறவர் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் குடியேறியவர் அல்லர். இருபது வருடம் ஆலையில் நின்று எலும்பு நீக்கி, வரி கட்டி, வீடு வாங்கினாலும் அந்த இருபது வருடம் குடியுரிமைக் கணக்கில் சேராது. அங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன், பெற்றவர்கள் அல்லர். அந்தப் பிள்ளைக்கு 21 வயது நிரம்பி, அவன் மனுப் போட்டால் தாய்க்குக் கிரீன் கார்டு கிடைக்க வழி பிறக்கும். அதுவரை அவர் வந்து தங்கலாம், உழைக்கலாம், அமெரிக்க ராணுவத்திலும் சேரலாம். ஒரு குற்ற வழக்கில் சிக்கினாலோ நாடுகடத்தப்படலாம்.

வாக்கில்லாதவர்களை நாடாளுமன்றம் என்ன செய்யும்? பெரும்பாலும் பகைப்பதில்லை, மறந்துவிடுகிறது. 1996இல் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, ஏழைகளுக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீடு, உணவு உதவி ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள வெளிநாட்டவர் பட்டியலில் ஒப்பந்த நாட்டு மக்கள் விடுபட்டுப் போனார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆர்கன்சாவின் ஆளுநராக இருந்து அதிபரான பில் கிளிண்டன் என்பது இதில் கூடுதல் கசப்பு. மெடிகெய்டு தகுதி திரும்பக் கிடைத்தது 2020 டிசம்பரில். உணவு உதவி உள்ளிட்டவை 2024இல். 2005இல் வந்த அடையாள அட்டைச் சட்டத்திலும் இதே கதைதான். சட்டபூர்வமாகக் காலவரம்பின்றித் தங்கக்கூடியவர்களுக்கு ஓராண்டுத் தற்காலிக ஓட்டுநர் உரிமம் மட்டுமே என்ற விசித்திரத்தைத் திருத்தப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த மறதிக்கு விலை உண்டு. மார்ஷல் மக்களிடையே நீரிழிவு மிக அதிகம். சோதனைகளாலும் இடப்பெயர்வுகளாலும் மீனும் தேங்காயும் கடாரப் பலாவும் போய், அரிசியும் டின் இறைச்சியும் முக்கிய உணவான சமூகம் அது. காப்பீடு இல்லாததால் சர்க்கரை முற்றிய பிறகே பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆர்கன்சா தன் பங்குக்கு 2018இல் குழந்தைகளுக்கு மட்டும் காப்பீட்டைத் திறந்தது, அது பாராட்டத்தக்கது. பெரியவர்கள் வெளியிலேயே நின்றார்கள். இந்த நிலையில் 2020இல் கொரோனா வந்தது. கோழி ஆலையில் தோளோடு தோள் நின்று வேலை செய்ய வேண்டும். வீட்டிலோ மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். வடமேற்கு ஆர்கன்சாவின் இரு மாவட்டங்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இல்லாத இந்தச் சமூகம், அந்த ஆண்டின் முதல் மாதங்களில் அங்கே நிகழ்ந்த கொரோனா மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுமந்தது. மெடிகெய்டு திருத்தம் வந்தபோது அந்தக் கல்லறைகள் மூடப்பட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

எனவே நம் நிலை இது: ஒப்பந்தத்தின் கீழ் வந்து குறிப்பிட்ட ஆண்டுகள், ஐந்து என்றே வைத்துக்கொள்வோம், வசித்து உழைத்தவர் விரும்பினால் நிரந்தர வசிப்புரிமை பெறவும், அதன் வழியே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அமெரிக்க நாடாளுமன்றம் நேரடிப் பாதை ஒன்றைச் சட்டமாக்க வேண்டும். விடுபட்ட சலுகைகளை ஒவ்வொன்றாக, இருபது இருபத்தைந்து வருடம் கழித்து ஒட்டுப்போடும் வேலை போதாது. அடுத்த சட்டத்திலும் இவர்கள் விடுபடுவார்கள். ஏனெனில் விடுபட்டதற்காகத் தேர்தலில் தோற்றவர் ஒருவரும் இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. 'அவர்களுக்கென்று ஒரு நாடு இருக்கிறதே' என்பது ஒன்று. இருக்கிறது; கடல் மட்டத்திலிருந்து சராசரி இரண்டு மீட்டர் உயரத்தில், சில தீவுகள் இன்னும் குடியேற முடியாத நிலையில். மாநில அரசின் செலவு கூடும் என்பது இன்னொன்று. வரி வாங்கும்போது எழாத இந்தக் கேள்வி, செலவழிக்கும்போது மட்டும் எழுவது நியாயமில்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. பாதையைத் திறந்தால் தீவுகள் காலியாகிவிடும், ஒரு சிறிய தேசமும் அதன் மொழியும் கரைந்துபோகும் என்ற கவலை அது. அந்தக் கவலையை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அப்படியொரு பாதை இல்லாமலே, 2011க்கும் 2021க்கும் இடையிலான பத்தாண்டுகளில் தீவுகளின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மக்களைக் கிளம்ப வைப்பது குடியுரிமை ஆசை அல்ல. மருத்துவமனையும் பள்ளியும் சம்பளமும்தான். அவற்றைத் தீவுகளிலேயே கட்டித் தர 2024இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டுகளுக்கு 230 கோடி டாலர் தருகிறது. அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகட்டும். போய்விட்டவர்களை உரிமையில்லாமல் வைத்திருப்பதால் தீவில் ஒரு வகுப்பறைகூட அதிகமாகப் போவதில்லை.

ஆர்கன்சாவுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் மக்களவைத் தொகுதிகள் குடிமக்களை மட்டும் எண்ணிப் பிரிக்கப்படுவதில்லை. வசிக்கும் எல்லாத் தலைகளும் எண்ணப்படுகின்றன. ஸ்ப்ரிங்டேல் அடங்கிய மூன்றாவது தொகுதி இந்தப் பத்தாயிரம் பேரையும் சேர்த்துத்தான் வரையப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுதியின் உறுப்பினரும் மாநிலத்தின் இரு செனட்டர்களும் இதற்கான மசோதாவைத் தாங்களே முன்மொழிய வேண்டும். மார்ஷல் மக்கள் அதிகம் வாழும் ஹவாயின் மாற்றுக் கட்சி உறுப்பினர்களும் கூடச் சேர்ந்தால் அது இரு கட்சி மசோதாவாகவே இருக்கும். ஒப்பந்தத்தின் நிதி ஏற்பாடுகள் 2043இல் மீண்டும் பேச்சுக்கு வரும். அதுவரை தள்ளிப்போட்டால், 1990களில் ஆலை வரிசையில் நிற்க வந்த தலைமுறையில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்கு நடந்துபோகும் வயதில் இருப்பார்கள்?