ரகசிய ரேடியோ நடத்திய பெண்

1942 ஆகஸ்டில் தலைவர்களையெல்லாம் சிறையில் தள்ளிய சர்க்கார், பத்திரிகைகளின் வாயையும் கட்டிவிட்டது. பிறகு நாட்டு நடப்பு ஜனங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயது மாணவி, தோழர்களுடன் ரகசிய ரேடியோ தொடங்கினார். இத்தனைக்கும் அப்பா பிரிட்டிஷ் சர்க்காரில் ஜட்ஜாக இருந்தவர்! 'இந்தியாவில் எங்கிருந்தோ' என்பதுதான் ரேடியோவின் விலாசம். போலீஸ் மோப்பம் பிடிக்காமலிருக்க, ஒலிபரப்புக் கருவியோடு அடிக்கடி ஜாகை மாற்றினார்கள். (நமக்கு ஒரு தடவை வீடு மாறினாலே இடுப்பு ஒடிகிறது!) ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், சிட்டகாங் குண்டுவீச்சு — பத்திரிகைகள் தொடப் பயந்த சேதிகள் ரேடியோவில் வந்தன.

மூன்று மாதம்கூட ஓடவில்லை. நவம்பர் 12-ல் பிடிபட்டார்கள். ஆறு மாதம் விசாரித்தும் உஷா வாயே திறக்கவில்லை. நாலு வருஷம் சிறை! 1946-ல் வெளிவந்தவர், பிற்பாடு பம்பாய் சர்வகலாசாலையில் பேராசிரியை ஆனார்.