செருப்புத் தைக்க யார் கற்க வேண்டும்?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்த ஊர்கள். ராஜபாளையம் பஞ்சாலைக்குப் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றது.

இந்த ஊர்களில் ஒரு பையன் மில் வேலை கற்றால் வீட்டில் மகிழ்ச்சி. பால்கோவா கிண்டக் கற்றாலும் மகிழ்ச்சிதான். "அப்பா, நான் ஷூ தைக்கக் கற்கப் போகிறேன்" என்று அவன் சொன்னால்?

"நமக்கு எதற்கடா அந்த வேலை?" என்பார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக் கொள்வாள்.

செருப்பு இல்லாமல் ஒரு நாள் வெயிலில் நடக்க முடியாது. ஆனால் செருப்புத் தைப்பது மட்டும் கேவலமாம்! இது என்ன நியாயம்?

கை மட்டும் போதாது

ஷூ தைப்பது சாதாரண வேலை அல்ல. முதலில் காலை அளக்க வேண்டும். ஆளை நிற்க வைத்து, காகிதத்தில் பாதத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் அளவு தவறும். நடந்து திரிந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகையால் மாலையில் அளப்பதே நல்லது. பலருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அடுத்தது தோல். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் உறுதியானது. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும். இது தெரியாமல் வெட்டினால், ஒரு ஷூ இறுகும், மற்றது தொளதொளக்கும்.

பிறகு தையல். குத்தூசியால் ஒரே இடைவெளியில் துளை போட வேண்டும். மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுக்க வேண்டும். அப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் எளிதில் பிரியாது.

கடைசியில், ஈரமாக்கிய தோலைக் கால் வடிவ மரக்கட்டையின் மேல் இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் வடிவம் போய்விடும். கணக்கும் பொறுமையும் இல்லாதவருக்கு இந்த வேலை வராது.

பாரிஸ்டர் தைத்த செருப்பு

காந்தியடிகள் லண்டனில் படித்த பாரிஸ்டர். அவர் 1910-ல் தென் ஆப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே தமிழர்கள் பலர் இருந்தார்கள். காந்தியின் நண்பர் காலன்பாக், கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்றுக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியும் கற்றார். மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, தம் கையால் செய்த ஒரு ஜோடி செருப்பை 1914-ல் காந்தி பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் அணிந்தார். 1939-ல் காந்தியின் 70-வது பிறந்த நாளையொட்டி மரியாதையுடன் திருப்பி அனுப்பினார்.

எது தவறு?

தொழில் கற்பது தவறல்ல. "உன் அப்பன் தொழிலைத்தான் நீ கற்க வேண்டும்" என்று கட்டிப் போடுவதுதான் தவறு.

1953-ல் ராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். "குலக் கல்வி" என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராஜர், 1954-ல் முதலமைச்சரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

அது சரியான முடிவு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டும் என்றால், அது விலங்கு. பாரிஸ்டர் தாமே விரும்பிக் கற்றால், அது கலை. வேலை ஒன்றுதான். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர், தாம் மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. இழிவு தோலில் இல்லை. பார்க்கும் கண்ணில்தான் இருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகும்

"தொழிற்சாலை ஷூ மலிவாகக் கிடைக்கிறதே, கைவேலை எதற்கு?" என்று கேட்கலாம். எல்லாக் காலும் தொழிற்சாலை அளவுக்கு அடங்குவதில்லை. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்கு, புண் வராமல் காக்க மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளை 1950-களில் வேலூரில் டாக்டர் பால் பிராண்டு முயற்சியில் உருவாக்கினார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் தக்க செருப்பு இன்று தேவை. சரியான செருப்பு ஒரு காலையே காப்பாற்றும். அதைச் செய்பவர் வைத்தியருக்குத் துணை நிற்பவர்.

செருப்புத் தொழிலாளியின் பிள்ளை என்ஜினீயர் ஆகட்டும். மற்றவர் வீட்டுப் பிள்ளையும் விரும்பினால் குத்தூசியைப் பிடிக்கட்டும். கற்றுக் கொடுக்கச் சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே போக ஆசைப்படும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். கடைவீதியில் வெயிலில் உட்கார்ந்து அறுந்த வாரைத் தைத்துத் தருபவரிடம் பேரம் பேசாமல் கூலி கொடுக்கலாம். பிள்ளைகளை அருகில் நிறுத்தி, "அந்தத் தையலைப் பார், எவ்வளவு நேர்த்தி!" என்று காட்டலாம். தொழிலுக்கு மரியாதை வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.