கட்ஆஃப் வீணாகிறதாம்!

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

இன்ஜினியரிங் கலந்தாய்வு வந்துவிட்டால் வன்னியம்பட்டி பஸ் ஸ்டாப்பிலிருந்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை ஒரே பேச்சுதான். "192 கட்ஆஃப் வச்சுக்கிட்டு அந்தக் காலேஜா? மார்க்கை வீணாக்கலாமா?" கட்ஆஃப் என்ன ரேஷன் அரிசியா, இந்த மாதம் வாங்காவிட்டால் போச்சு என்பதற்கு?

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200. அதை வைத்து வரிசையில் நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்வார்கள். அதோடு அதன் வேலை முடிந்தது. நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது பிள்ளைதான்.

போன வருடம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 195-ல் முடிந்தது என்றால், அந்த மார்க் எடுத்தவர்கள் அதைக் கேட்டார்கள் என்று அர்த்தம். ஏன் கேட்டார்கள்? அதற்கு முந்தின வருடம் 194-ல் முடிந்ததாம். கூட்டம் நிற்கிற கடையில்தான் சேலை எடுப்பேன் என்கிற கதை இது. உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று அந்த எண்ணில் ஓர் எழுத்துகூட இல்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே தாய்மாமனும். "டீச்சர், நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார் மாமன். பிள்ளை அரசுப் பள்ளி, தமிழ்வழி. ராஜபாளையமோ சிவகாசியோ, தினமும் வீடு திரும்புகிற கல்லூரி வேண்டும் என்கிறாள். மாமனுக்குச் சென்னைதான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, 2021 முதல் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, பிறகென்ன என்பது அவர் வாதம். சரிதான், பணம் தடையில்லை. அப்படியானால் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பார்க்கலாமே!

அவளிடம் தனியாகக் கேட்டேன். "முதல் வருசம் இங்கிலீஷ்ல முழி பிதுங்கும் டீச்சர். வீட்ல இருந்தா சமாளிச்சிருவேன்" என்றாள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தமிழ்வழியைத் தொடங்கியது சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான். கம்ப்யூட்டருக்குப் போகிற தமிழ்வழிப் பிள்ளை, புரியாததைத் தமிழில் நின்று விளக்கும் ஆசிரியர் இருக்கிற இடத்தைத் தேடுவது கோழைத்தனமா? தன்னை அறிந்த பிள்ளை அது. மாமன் அவளைக் கிணற்றுத் தவளை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

உடனே டீச்சர் பக்கத்து ஊர் கல்லூரிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று எழுதாதீர்கள். இதே தெருவில் ஒரு பையன், ராத்திரி பகலாகப் புரோகிராம் எழுதுகிறவன். அவனோடு போட்டி போட இங்கே ஆளில்லை. அவனை "கண்ணுக்கு முன்னாலயே இரு" என்று அம்மா பிடித்து வைக்கப் பார்க்கிறார். மதினி, அவனைக் கிண்டிக்கு அனுப்புங்கள், கோவைக்கு அனுப்புங்கள். அவனுக்கு அதுதான் பொருத்தம்.

"நல்ல காலேஜுக்குத்தான் கம்பெனி வரும்" என்கிறீர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் போர்டில் ஒரு பிள்ளையின் சம்பளத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்கிற பிள்ளைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஸோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களையே எடுத்து, தானே கற்றுக்கொடுத்து, இருபது வருடமாக வேலை கொடுத்து வருகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. கை வேலையைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

பெயரைவிட ஆசிரியரைப் பாருங்கள். 2024-ல் அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கிறதா? ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு! அதே கல்வியாண்டிலிருந்து, நன்றாக நடக்கும் கல்லூரிகள் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஏஐசிடிஇ உச்சவரம்பை எடுத்துவிட்டது. இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. இத்தனை செக்‌ஷன் கூட்டினால் ஆசிரியர் எங்கிருந்து முளைப்பார்? பிள்ளையோடு நேரில் போங்கள். லேபில் ஆளுக்கொரு மெஷின் உண்டா, அது மாலையில் திறந்திருக்கிறதா என்று இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள். வரவேற்பறையில் காபி கொடுப்பவரிடம் கேட்காதீர்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவுக்குப் பிரிவு தனி. அதையும் பாருங்கள்.

கடைசியாக விருப்பப் பட்டியல். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். உங்கள் முறை வரும்போது மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுப்பார்கள். அது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே போன வருடக் கட்ஆஃப் வரிசையில் அடுக்கினால், பிள்ளை நான்காவதாக ஆசைப்பட்டது முதலில் வந்து நிற்கும். அவள் மனதில் எது முதலோ அதுதான் மேலே.

அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பட்டியலோடு மறுபடி வருகிறாள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் நீங்களும் வாருங்கள், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். மாமன்மார் வந்தால் திண்ணையில் இருக்கட்டும், மோர் தருகிறேன்.