கடைசி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

முகத்தில் கடும் நரம்புவலி தரும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு அறுவை சிகிச்சை கடைசி வழி, மாத்திரை கேட்கும்வரை அதை நினைக்கவே கூடாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். 'கேட்கும்வரை' என்பதை யார் தீர்மானிப்பது? கார்பமசெபின் மாத்திரையில் தொடங்குவது சரிதான். முதலில் பெரும்பாலோருக்கு அது நன்றாகவே கேட்கும். பிறகு பலருக்கு அளவு ஏறும். தலை சுற்றும், நடை தள்ளாடும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். பல் துலக்கவும் சோறு மெல்லவும் பயப்படுகிறவரை 'மாத்திரையில் சமாளிக்கிறார்' என்று எழுதுவது அநியாயம்.

கட்டுரையாளர் அறுவையின் ஆபத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார். நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கிவைக்கும் அறுவையைப் பற்றி பீட்டர் ஜனெட்டா குழு 1996இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கட்டும். அறுவை செய்துகொண்டவர்கள் 1185 பேர். பத்தாண்டு கழித்தும் 70 சதவீதத்தினர் மாத்திரையின்றி, வலியின்றி இருப்பார்கள் என்பது அதன் கணக்கீடு. இரண்டு பேர் இறந்தார்கள். சுமார் 1 சதவீதத்தினருக்கு ஒரு பக்கக் காது போனது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவைக்கு முன் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வலியோடு இருந்தவர்களுக்கு அது திரும்பிவரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. எம்ஆர்ஐயில் அழுத்தம் தெளிவாகத் தெரிந்து, உடலும் மயக்கமருந்தைத் தாங்குமென்றால், மாத்திரை தோற்கத் தொடங்கும்போதே நரம்பியல் அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள்.